ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைக்கு முழுப் பக்கம், நெர்ஃப்-2வுக்கு ஒரு வரி கூட இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க ஹெல்த் பக்கத்துல ஆன்டிஆக்சிடன்ட் பத்தி முழுப் பக்கம் வந்திருந்துச்சு, காலையில ஒரு தடவை படிச்சேன், மனசு கேக்கல, மத்தியானம் திரும்ப எடுத்து படிச்சேன். ஃப்ரீ ராடிக்கல்னு செல்ல சேதப்படுத்தற ஒரு வகை மூலக்கூறு தான் எல்லா வியாதிக்கும் காரணம், ஆன்டிஆக்சிடன்ட் அத அழிச்சிடும், அதனால எவ்வளவு உள்ள போகுதோ அவ்வளவு நல்லது, சாப்பாட்டுல கெடைக்கலன்னா மாத்திரையா எடுத்துக்கலாம்னு எழுதியிருக்காங்க. அதுக்குக் கீழேயே கால் பக்கத்துக்கு ஒரு கேப்சூல் விளம்பரம். இந்த வேலைய பாக்கறதுக்குன்னே நம்ம செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் இருக்குங்கற விஷயம் அந்த முழு கட்டுரையில ஒரு எடத்துல கூட வரல. அது வராததால படிக்கறவங்களுக்கு என்ன தோணும்னா, நம்ம உடம்பு ஏதோ காலி டப்பா மாதிரி, பாதுகாப்ப நாம தான் வெளியிலிருந்து கொட்டி நிரப்பணும்னு தோணும். அது தப்புங்க. அத சொல்லத்தான் இந்த லெட்டர், நீளமாத்தான் இருக்கும், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

அந்த புரோட்டீன் பேரு என்ஆர்எஃப்-2. லேப்ல நாங்க எல்லாரும் நெர்ஃப்-2ன்னு தான் சொல்லுவோம், இங்கயும் அப்படியே எழுதறேன். நான் ஆறு வருஷம் ஒரு ரிசர்ச் லேப்ல செல் வளர்க்கற வேலை பாத்தவ, இப்ப ஸ்கூல்ல பயாலஜி எடுக்கறேன். டாக்டர் கெடையாது, அதனால யாருக்கும் மருந்து சொல்ல வரல.

மொதல்ல இந்த ஃப்ரீ ராடிக்கல் கதைய கொஞ்சம் நேர் பண்ணணும். நாம மூச்சு விடற ஆக்சிஜன்ல பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுல போய் தண்ணியா மாறுது, வழியில கொஞ்சம் எலக்ட்ரான் கசியும், அது ஆக்சிஜனோட சேந்து சூப்பர்ஆக்சைடு ஆகும், அதுலேருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். 1969ல மெக்கார்ட், ஃப்ரிடோவிச்னு ரெண்டு பேர் சூப்பர்ஆக்சைட ஒழிச்சுக்கட்டற என்சைம் நம்ம உடம்புலயே இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு செல் இதுக்கு ரெடியாத்தான் இருக்குன்னு. பெராக்சைடு அளவோட இருந்தா செல்லுக்குள்ள தகவல் சொல்ற வேலைய செய்யும், கிருமிய கொல்ற வெள்ளை அணு வேணும்னே இத தயார் பண்ணும். அளவு மீறிப் போய் டிஎன்ஏ, புரோட்டீன், கொழுப்பு எல்லாம் அடிபட ஆரம்பிக்கும்போது தான் அது ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். அளவு மீறுதாங்கறத யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும் இல்லையா, அங்க தான் நெர்ஃப்-2 வருது.

நெர்ஃப்-2 வந்து 605 அமினோ ஆசிட் கொண்ட புரோட்டீன். செல் இத ஓயாம செஞ்சுக்கிட்டே இருக்கும், செஞ்ச கையோட அழிச்சுக்கிட்டும் இருக்கும். அழிக்கறதுக்கு ஆள் காட்டிக்குடுக்கறது கீப்-1னு இன்னொரு புரோட்டீன். ரெண்டு கீப்-1 ஜோடியா சேந்து ஒரு நெர்ஃப்-2வ ரெண்டு எடத்துல பிடிக்கும், ஒரு பிடி ரொம்ப இறுக்கம், இன்னொரு பிடி தளர்வு. இப்படி பிடிச்சு வெச்சிருக்கும்போது கீப்-1னோட கூட வர்ற கல்லின்-3 குரூப் நெர்ஃப்-2 மேல யூபிக்விட்டின்னு ஒரு அடையாள சீட்ட வரிசையா ஒட்டிடும், சீட்டு ஒட்டினது நேரா புரோட்டியாசோம்ங்கற செல்லோட அரவை மிஷினுக்குப் போய் துண்டு துண்டாயிடும். சும்மா இருக்கற செல்லுல ஒரு நெர்ஃப்-2வோட பாதி ஆயுசு சுமார் 20 நிமிஷம் தான்.

செஞ்சு செஞ்சு அழிக்கறது வீண் செலவு மாதிரி தெரியும். எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஆபத்து வந்தப்புறம் ஜீன படிச்சு ஆர்என்ஏ எழுதி அப்புறம் புரோட்டீன் செஞ்சு எடுக்கறதுன்னா நேரம் ஆயிடும். ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கற மிஷின்ல அழிக்கற பக்கத்த மட்டும் நிறுத்தினா போதும், சட்டுனு நெர்ஃப்-2 சேர ஆரம்பிச்சிடும். நிறுத்தற சுவிட்சும் கீப்-1 கிட்டயே இருக்கு. மனுஷ கீப்-1ல 624 அமினோ ஆசிட், அதுல 27 சிஸ்டீன். சிஸ்டீன்ல கந்தகம் இருக்கு, அந்த கந்தகத்த பெராக்சைடோ வேற ஏதாவது வினைபுரியற கெமிக்கலோ தொட்டா அது மாறிப்போயிடும், அதுலயும் 151, 273, 288 இந்த மூணு எடத்துல இருக்கற சிஸ்டீன் ரொம்ப முக்கியம். தொட்ட உடனே கீப்-1 சீட்டு ஒட்டற வேலைய சரியா செய்ய முடியாது. புதுசா வர்ற நெர்ஃப்-2 எல்லாம் தப்பிச்சு நேரா நியூக்ளியஸுக்குள்ள போயிடும். அங்க சின்ன மாஃப்னு ஒரு புரோட்டீனோட ஜோடி சேந்து டிஎன்ஏல ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசைய தேடிப்பிடிச்சு உக்காரும், டிஜிஏசின்னு ஆரம்பிக்கும், நடுவுல மூணு எழுத்து எது வேணா இருக்கலாம், ஜிசின்னு முடியும். இந்த வரிசை எந்த ஜீன் பக்கத்துல எல்லாம் இருக்கோ அதெல்லாம் வேலை செய்ய ஆரம்பிக்கும், குளுட்டாதயோன் செய்யற என்சைம், தயோரிடாக்சின் ரிடக்டேஸ், ஹீம் ஆக்சிஜனேஸ்-1, என்க்யூஓ-1, இரும்ப பத்திரமா பூட்டி வெக்கற ஃபெரிட்டின், இப்படி பெரும்பாலும் செல்லோட பாதுகாப்பு வேலைக்கான 200க்கும் மேல ஜீன் இருக்கு.

இத நான் கண்ணால பாத்திருக்கேன், அதனால தான் இவ்வளவு உறுதியா எழுதறேன். லேப்ல சேந்த புதுசுல லிவர் செல்ல வளத்து, அத உடைச்சு, புரோட்டீன எடை வாரியா பிரிக்க ஜெல்லுல ஓட்டி, மெம்பரேன்ல மாத்தி, ஆன்டிபாடி போட்டு, டார்க்ரூம்ல சிவப்பு லைட்டுல ஃபிலிம் கழுவணும், நெர்ஃப்-2 இருந்தா அதுல கருப்பு பட்டையா தெரியும். சும்மா இருந்த செல்லோட வரிசையில ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ளை. மருந்து போட்ட வரிசையிலயும் ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரம் இப்படியே போச்சு, ஆன்டிபாடி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து பாத்துட்டு நீ எங்க தேடறேன்னு கேட்டாங்க. 605 அமினோ ஆசிட்னா கணக்குப்படி எடை 68 கிலோடால்டன் (புரோட்டீன் எடைக்கான அளவு) கிட்ட வரணும், நான் அங்கயே வெட்டி எடுத்து பாத்துக்கிட்டிருந்தேன், மேல் பாதிய தூக்கி போட்டுட்டேன். இந்த புரோட்டீன் ஜெல்லுல அந்த கணக்குக்கு ஓடாதுமா, 100 பக்கத்துல தான் நிக்கும்னு அவங்க சொன்னாங்க. அடுத்த ஃபிலிம்ல மேல் பாதியையும் சேத்து போட்டேன். சும்மா இருந்த செல் வரிசை வெள்ளையாவே தான் இருந்துச்சு. ப்ரோக்கோலியிலிருந்து கெடைக்கற சல்ஃபோராஃபேன்ங்கற பொருள போட்டு நாலு மணி நேரம் வெச்ச வரிசையில 100க்கு கிட்ட கன்னங்கரேல்னு ஒரு பட்டை. புரோட்டியாசோம தடுக்கற மருந்து போட்ட வரிசையிலயும் அதே பட்டை. சல்ஃபோராஃபேன கழுவி எடுத்துட்டு விட்டா பட்டை மறுபடி மங்கிப்போச்சு. அந்த ஈர ஃபிலிம கையில பிடிச்சுக்கிட்டு டார்க்ரூம விட்டு வெளிய வர மனசே வரல. செல் அத தெனமும் செஞ்சு தெனமும் கொன்னுக்கிட்டிருந்திருக்கு, தேவைன்னு வந்தப்ப மட்டும் உயிரோட விட்டுச்சு, தேவை முடிஞ்சதும் திரும்ப அடக்கிடுச்சு.

இதோட வரலாறும் உங்க வாசகர்களுக்குத் தெரியணும், ஒரு வரலாறு பகுதி தான் வாராவாரம் போடறீங்களே. 1994ல யுவெட் வாய் கான் குழு ரத்தத்துல இருக்கற குளோபின் ஜீன் எப்படி வேலை செய்யுதுன்னு தேடிக்கிட்டிருந்தப்ப கெடைச்சது தான் நெர்ஃப்-2, அப்ப அதோட நெஜமான வேலை யாருக்கும் தெரியாது. 1997ல ஜப்பான்ல மசாயுகி யமமோட்டோ குழு அது இல்லாத எலிய வெச்சு விஷத்த முறிக்கற என்சைம்களுக்கு இது தான் தலைன்னு காட்டினாங்க, 1999ல அதே குழு தான் கீப்-1ஐயும் பிடிச்சாங்க. இதுக்கெல்லாம் முன்னாடியே அமெரிக்காவுல பால் டலலேன்னு ஒரு பெரியவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல, 1992லயே ப்ரோக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன பிரிச்சு எடுத்து இது இந்த என்சைம்கள ஏத்துதுன்னு சொல்லிட்டாரு.

உங்க கட்டுரையில ப்ரோக்கோலி படம் பெருசா இருந்துச்சு, அதுல ஆன்டிஆக்சிடன்ட் அதிகம்னு கீழ ஒரு வரி. படம் சரி, காரணம் தான் தப்பு. சல்ஃபோராஃபேன் நேரா போய் ஃப்ரீ ராடிக்கல அழிக்கறதால நல்லது செய்யல. அது கொஞ்சம் எரிச்சல் குடுக்கற சமாச்சாரம், செடி தன்னை கடிக்கற பூச்சிகிட்டேருந்து தப்பிக்கறதுக்காக வெச்சிருக்கறது, செடிக்குள்ள முழுசாக்கூட இருக்காது, நாம கடிச்சு நசுக்கும்போது ஒரு என்சைம் வந்து சேந்து தான் உருவாகும், ரொம்ப நேரம் வேகவெச்சா அந்த என்சைமே செத்துப்போயிடும். உள்ள போனதும் கீப்-1னோட சிஸ்டீன்ல போய் ஒட்டிக்கும், செல்லு சின்னதா ஒரு ஆபத்து வந்துடுச்சுன்னு நெனச்சு தன்னோட என்சைம் எல்லாத்தையும் ஏத்திக்கும். அந்த என்சைம் பல மணி நேரம் நிக்கும், ஒவ்வொண்ணும் திரும்பத் திரும்ப வேலை செய்யும். நேரடியா போய் மோதற ஆன்டிஆக்சிடன்ட் மோதின எடத்துல செலவாயிடும், அத திரும்ப சரி பண்ணி எடுக்கணும்னாலும் செல்லோட சொந்த சிஸ்டம் தான் வேணும். ஆன்டிஆக்சிடன்ட் அளவுன்னு டெஸ்ட் டியூப்ல அளந்து உணவுக்கு மார்க் போடற ஒரு பட்டியல் இருந்துச்சே, அமெரிக்க விவசாயத் துறையே 2012ல அத தன்னோட சைட்லேருந்து எடுத்துட்டாங்க, டியூப்ல வர்ற நம்பருக்கும் உடம்புல நடக்கறதுக்கும் சம்பந்தம் காட்ட முடியலங்கறதால. அந்த மாதிரி மார்க்க வெச்சு தான் உங்க கட்டுரையில இருந்த டேபிள் போட்டிருக்காங்க.

இப்ப எங்க வீட்டு விஷயம். எங்க பெரியப்பா நாப்பது வருஷம் சிகரெட் பிடிச்சவர். பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல இதே மாதிரி ஒரு ஹெல்த் பக்கம் வந்துச்சு, எந்த பேப்பர்னு சொல்ல வேண்டாம், அத படிச்சுட்டு பீட்டா கரோட்டின்ங்கற ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல் வாங்க ஆரம்பிச்சாரு. சிகரெட்ட விட முடியலம்மா, அதுக்கு ஈடா இதையாவது போட்டுக்கறேன்னு சொல்வாரு, அந்த பேப்பர் கட்டிங்க மடிச்சு கேப்சூல் டப்பா மூடிக்குள்ள சொருகி வெச்சிருந்தாரு, டப்பா மாறும்போதெல்லாம் கட்டிங்கும் புது டப்பாவுக்கு மாறும். நான் அப்ப லேப்ல கூட சேரல, எனக்கும் ஒண்ணும் தெரியாது, நல்லது தானேன்னு நானே வாங்கிக் குடுத்திருக்கேன்.

அந்த பக்கம் எழுதினவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். ஃபின்லாந்துல 29,133 ஆம்பளைங்க, எல்லாரும் சிகரெட் பிடிக்கறவங்க, அவங்கள வெச்சு பீட்டா கரோட்டின் குடுத்து பாத்தாங்க, நுரையீரல் கேன்சர் குறையும்னு தான் எதிர்பாத்தாங்க, 1994ல ரிசல்ட் வந்தப்ப பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு 18 சதவீதம் அதிகமா கேன்சர் வந்திருந்துச்சு. அமெரிக்காவுல கேரட்னு (CARET) பேர் வெச்ச இன்னொரு டிரையல், 18,314 பேர், சிகரெட் பிடிக்கறவங்க, பிடிச்சு விட்டவங்க, ஆஸ்பெஸ்டாஸ்ல வேலை பாத்தவங்க, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏவும் சேத்துக் குடுத்தாங்க, 28 சதவீதம் அதிகம்னு தெரிஞ்சதும் 1996ல 21 மாசம் முன்னாடியே நிறுத்திட்டாங்க. இது ரகசியம் ஒண்ணும் கெடையாது, உலகம் பூரா பேப்பர்ல வந்தது. அதுக்கப்புறமும் சிகரெட் பிடிக்கறவங்க கையில போற ஒரு பக்கத்துல "கேப்சூலா எடுத்துக்கலாம்"னு எழுதறாங்கன்னா எனக்கு கோவம் வருது, மன்னிக்கணும், வரத்தான் செய்யுது.

பெரியப்பாவுக்கு போன வருஷம் நுரையீரல் கேன்சர்னு தெரிஞ்சுது. கேப்சூலால தான் வந்துச்சுன்னு நான் சொல்லல, நாப்பது வருஷ சிகரெட்டுக்கு மேல வேற காரணம் தேட வேண்டியதில்ல, ஒரு ஆள வெச்சு அப்படி சொல்லவும் முடியாது. ஆனா கட்டிய ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினாங்க, ரிப்போர்ட் மொதல்ல என் கைக்கு தான் வந்துச்சு, நாலாவது பக்கத்துல ஒரு டேபிள், அதுல மூணாவது வரியில கீப்-1, பக்கத்துல மியூட்டேஷன், அதாவது அந்த ஜீன்ல மாத்தம். அந்த வரிய பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். டார்க்ரூம்ல என்னைய அவ்வளவு சந்தோஷப்படுத்தின அதே விஷயம்.

அதோட அர்த்தம் என்னன்னா, அந்த கேன்சர் செல்லுல கீப்-1 ஒழுங்கா நெர்ஃப்-2வ பிடிக்காது, அடக்க ஆள் இல்லாம நெர்ஃப்-2 ராவும் பகலும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். நல்ல செல்ல காப்பாத்தற அத்தனை என்சைமும் இப்ப கேன்சர் செல்லுக்கு கவசம், மருந்தையும் ரேடியேஷனையும் தாங்கறதுக்கு ஒதவும், வேகமா வளரறதுக்கு வேணும்ங்கற பொருள கூட அது செஞ்சு குடுக்கும். நுரையீரல் கேன்சர்ல கீப்-1 கெட்டுப்போயிருக்குன்னு 2006லயே வந்தாச்சு, 2014ல அடினோகார்சினோமாங்கற வகை நுரையீரல் கேன்சர் கட்டி 230ஐ முழுசா படிச்சு பாத்ததுல 17 சதவீதத்துல கீப்-1 மியூட்டேஷன் இருந்துச்சு. அதே 2014ல ஸ்வீடன்ல ஒரு குழு ஏற்கனவே நுரையீரல்ல கட்டி இருக்கற எலிக்கு வைட்டமின் ஈ, என்-அசிட்டைல் சிஸ்டீன்னு ரெண்டு ஆன்டிஆக்சிடன்ட குடுத்து பாத்தாங்க, கட்டி இன்னும் வேகமா வளந்துச்சு, எலி சீக்கிரம் செத்துச்சு. எலி தான், மனுஷன் இல்ல, இருந்தாலும் கேன்சர் இருக்கறவங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாம் கையில ஒரு ஆன்டிஆக்சிடன்ட் பவுடர் டப்பாவோட வர்றாங்களே, அவங்க இத கேட்டிருக்கணும். எங்க வீட்டு அலமாரியில இப்ப அஞ்சு டப்பா இருக்கு, டாக்டர் எதையும் தொட வேண்டாம்னுட்டாரு, வாங்கிட்டு வந்தவங்ககிட்ட அத எப்படி சொல்றதுன்னு பெரியம்மா தவிக்கறாங்க.

அப்போ நெர்ஃப்-2 ஜாஸ்தி ஆனா கெடுதல், கம்மி ஆனாலும் கெடுதலான்னு கேப்பீங்க. ஆமாங்க, அதே தான். கீப்-1 சுத்தமா இல்லாத எலிக்குட்டி பொறந்து மூணு வாரத்துக்குள்ள செத்துடுது, உணவுக்குழாயோட உள்பக்கம் தடிச்சு அடைச்சுக்கும், பால் எறங்காது. அந்த எலியிலயே நெர்ஃப்-2வையும் சேத்து எடுத்துட்டா பொழச்சுக்குது, 2003ல பண்ணின பரிசோதனை இது. நெர்ஃப்-2 மட்டும் இல்லாத எலி சாதாரணமா தான் இருக்கும், ஆனா புகையோ விஷமோ பட்டா மத்த எலிய விட சீக்கிரம் படுத்துடும். மனுஷங்கள்லயும் 2017ல நாலு பேர பத்தி எழுதினாங்க, பொறக்கும்போதே நெர்ஃப்-2 ஜீன்ல மாத்தம், கீப்-1னால பிடிக்க முடியாத மாதிரி, வளர்ச்சி கொறைவு, அடிக்கடி இன்ஃபெக்ஷன். பாதுகாப்பு எப்பவும் ஆன்லயே இருந்ததால வந்த கஷ்டம் அது.

ஒடற்பயிற்சி பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா உங்க கட்டுரையிலயே எக்சர்சைஸ் முடிச்சதும் வைட்டமின் சி, ஈ போட்டா ரெக்கவரி நல்லா இருக்கும்னு ஒரு பெட்டிச் செய்தி இருந்துச்சு. 2009ல ரிஸ்டோ குழு ஆரோக்கியமான சுமார் 40 இளைஞர்கள நாலு வாரம் எக்சர்சைஸ் செய்ய வெச்சு, பாதிப்பேருக்கு தெனமும் 1000 மில்லிகிராம் சி, 400 யூனிட் ஈ குடுத்தாங்க. மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு இன்சுலின் வேலை செய்யற விதம் நல்லா கூடிச்சு, சாப்பிட்டவங்களுக்கு அந்த பலன் வரல. தசை வேலை செய்யும்போது வர்ற அந்த கொஞ்சூண்டு பெராக்சைடு தான் உடம்ப தயார் பண்ற சேதி, சேதி போய் சேர்றதுக்குள்ள துடைச்சு எடுத்துட்டா உடம்புக்கு என்ன தெரியும்.

மருந்து பக்கம் நல்ல சேதியும் இருக்கு, அதையும் நீங்க போடலங்கறது எனக்கு வருத்தம். 2013ல மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்ங்கற நரம்பு வியாதிக்கு அமெரிக்காவுல அனுமதி வாங்கின டைமெத்தில் ஃபூமரேட் கீப்-1 சிஸ்டீன்ல போய் ஒட்டற மருந்து. 2023 பிப்ரவரியில ஓமாவெலாக்சோலோன்னு ஒரு மருந்துக்கு அனுமதி கெடைச்சுது, ஃப்ரீட்ரைக் அட்டாக்சியான்னு சின்ன வயசுலயே நடை தள்ளாடி போற பரம்பரை வியாதிக்கு, 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு, அந்த வியாதிக்குன்னே வந்த மொதல் மருந்து அது தான், நெர்ஃப்-2வ எழுப்பி விடறது தான் அதோட வேலை. ஆனா அதே குடும்பத்து பார்டாக்சோலோன கிட்னி கெட்டுப்போன சர்க்கரை நோயாளிங்களுக்கு குடுத்த பெரிய டிரையல 2012ல பாதியில நிறுத்த வேண்டியதா போச்சு, ஹார்ட் ஃபெயிலியர் அதிகமாச்சு. யாருக்கு, எப்ப, எவ்வளவுங்கறத டாக்டருங்களே இவ்வளவு பாடுபட்டு தேடிக்கிட்டிருக்காங்க, நாம ஒரு பக்கத்துல எல்லாருக்கும் சேத்து "எவ்வளவு முடியுமோ அவ்வளவு"ன்னு எழுதிட முடியுமா?

உங்ககிட்ட நான் கேக்கறது இது தான். அந்த கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்க, சின்ன எழுத்துல உள்பக்கத்துல இல்லாம அதே ஹெல்த் பக்கத்துல, அதே எடத்துல. சிகரெட் பிடிக்கறவங்க பீட்டா கரோட்டின் கேப்சூல் எடுக்கக்கூடாதுங்கறதும், கேன்சர் சிகிச்சையில இருக்கறவங்க டாக்டர கேக்காம எந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் பவுடரும் தொடக்கூடாதுங்கறதும் அதுல தெளிவா இருக்கணும். கட்டுரைக்கு கீழ அதே பொருளோட விளம்பரம் வராம பாத்துக்கங்க, படிக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணா தெரியுது. நெர்ஃப்-2 பத்தி இதுல வேலை செய்யற ஒருத்தர கேட்டு ஒரு நல்ல கட்டுரை போடுங்க, ப்ளஸ் டூ பசங்களுக்கு புரியற மாதிரி எழுத முடியும், நானே கிளாஸ்ல சொல்லிக் குடுக்கறேன், பசங்க நல்லா கேள்வி கேக்கறாங்க. போன மாசம் ஒரு பொண்ணு கேட்டா, மிஸ், நல்ல புரோட்டீன எதுக்கு மிஸ் செல்லே கொல்லுதுன்னு. அந்த ஒரு கேள்விய வெச்சே உங்க கட்டுரைய ஆரம்பிக்கலாம்.

முடிஞ்சா வர்ற ஞாயித்துக்கிழமையே போடுங்க. திங்கக்கிழமை பெரியப்பாவுக்கு நாலாவது கீமோ. காலையில ஏழு மணிக்கே போய் உக்காரணும், கூப்பிடற வரைக்கும் அவரு உங்க பேப்பர தான் படிப்பாரு, ஞாயித்துக்கிழமை சேர்த்து வெச்சதையும் எடுத்துட்டு வருவாரு. போன வார ஹெல்த் பக்கத்தையும் அவரு மடிச்சு சட்டைப் பையில வெச்சிருக்கறத நான் பாத்தேன்.

இப்படிக்கு,
உங்க பேப்பர பல வருஷமா படிக்கற ஒரு பயாலஜி டீச்சர்